ஸ்வெட்டரில் இருந்த வாசனை

மாலை நான்கு மணிக்குக் கிளம்பிய அந்தக் கூச்சல் அடுக்குமாடியின் நான்கு தளங்களுக்கும் கேட்டது.

"திருடி! எட்டு வருஷமா உன்னை வீட்டுக்குள்ள விட்டேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

கூச்சல் போட்டவள் இரண்டாம் தளத்துச் சென்ட்டம்மா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சென்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'பெர்ஃப்யூம்' என்று திருத்துவாள். முந்நூறுக்கு மேல் பாட்டில்களைச் சேர்த்து, அவற்றுக்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, ராப்பகலாக ஏசி போட்டு வைத்திருப்பவள். வீட்டுக்காரர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் டாக்டர். அந்த அறைக்குள் அவருக்கே அனுமதி கிடையாது.

அவள் விரல் நீட்டியது சின்னக்காவை நோக்கி. அந்தக் கட்டடத்தில் ஆறு வீடுகளில் வேலை செய்கிறவள். எல்லோருக்கும் அவள் சின்னக்காதான், அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும்கூட. வேலை முடிந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனவளைச் சென்ட்டம்மா நிறுத்திப் பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, சீப்பு. அவற்றோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலும் உருண்டது. காலி பாட்டில்.

'மகாராணி' என்று பெயர் வைத்துச் சென்ட்டம்மா கொண்டாடிய பாட்டில் அது. செய்த கம்பெனியே மூடிப் போயாயிற்று. முழுசாக ஒரு பாட்டில் தன்னைத் தவிர வேறு யாரிடமும் இல்லை என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் காவலாளி மேலே வந்து சின்னக்காவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வீட்டில் பெயர் கெட்டால் ஆறு வீட்டிலும் வேலை போய்விடும். அந்தக் கட்டடத்தின் விதி அப்படி. விசாரணை எல்லாம் கிடையாது. விதியை எழுதியவர்கள் யாரும் பாத்திரம் தேய்ப்பவர்கள் இல்லையே, அவர்களுக்கென்ன.

மாலை 4.20.

பெண் இன்ஸ்பெக்டர் கோபத்தோடுதான் படியேறினார். ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். அது அவருக்குத் தெரியும். வேலைக்கு உதவும் பெயர் என்று விட்டுவிட்டார். மேசைமேல் ஒரு கத்திக்குத்து வழக்கு பாதியில் கிடக்கும்போது பெரிய இடத்திலிருந்து போன். 'டாக்டர் வீட்ல விலை உயர்ந்த பொருள் திருட்டு, உடனே போங்க.' ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான். வந்து சேர்ந்த பிறகுதான் விலை உயர்ந்த பொருள் எதுவென்று தெரிந்தது.

"சென்ட் பாட்டிலாம் மேடம். அதுவும் காலி பாட்டில்," என்றார் ஏட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே.

"பேசாம ஏறுங்க."

கதவோரம் சுவரை ஒட்டிச் சின்னக்கா நின்றிருந்தாள். அழவில்லை. அவளைத் தாண்டும்போது ஏட்டு மூக்கை உறிஞ்சினார்.

"யாருங்க இங்க ஆரஞ்சு உரிக்கிறது?"

"அதான் சார் என் பெர்ஃப்யூம்!" சென்ட்டம்மா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "அவ ஸ்வெட்டர்லேர்ந்து வருது. நல்லா மோந்து பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து மோந்தார். உண்மைதான். அப்போதுதான் பிழிந்த ஆரஞ்சுத் தோல், மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"பாட்டிலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"காலைல பத்து மணிக்கு. இவ ரூமைத் துடைக்க வந்தப்ப."

"எவ்வளவு இருந்துச்சு?"

"கழுத்து வரைக்கும். ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கேன், எங்க கல்யாண நாளுக்கு. அப்புறம் தொட்டதே இல்ல."

"இவங்க துடைக்கும்போது நீங்க கூடவே இருந்தீங்களா?"

"நடுவுல போன் வந்துச்சு. பேசிட்டு வர்றதுக்குள்ள கைவரிசையைக் காட்டிட்டா."

"அப்புறம்?"

"ரூமைப் பூட்டிட்டேன். சாவி எப்பவும் என்கிட்டதான்." கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். சாவியும், அதையொட்டி ஒரு சின்ன வெள்ளிக் குப்பியும் தொங்கின. "நாலு மணிக்குத்தான் திறந்தேன். ஆறு மணிக்கு ஒருத்தர் வர்றார், மகாராணியை மோந்து பாக்கணும்னு. முப்பது வருஷமா பெர்ஃப்யூம் கலக்கற வேலைல இருக்கறவர். எங்க வட்டாரத்துல மூக்கர்னு சொல்லுவோம். அவருக்காக எடுத்து வைக்கலாம்னு போனா, இடம் காலி."

"பத்துக்கும் நாலுக்கும் நடுவுல வேற யாரும் உள்ள போகலையே?"

"ஈ, எறும்புகூடப் போயிருக்காது."

"அப்போ திருட்டு நடந்தது பத்து மணிக்குத்தான். ஸ்வெட்டர்ல கொட்டினதும் அப்பத்தான்."

"அதுல என்ன சந்தேகம்?"

ஏட்டு கைக்குட்டையால் பாட்டிலை எடுத்துக் கழுத்தை மோந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், இதுல ரோஜாப்பூ வாடைல்ல வருது?"

சென்ட்டம்மா சிரித்துவிட்டாள். "ஏட்டையா, மூக்குக்கும் படிப்பு வேணும். ஒண்ணை மோந்துட்டு உடனே இன்னொண்ணை மோந்தா மூக்கு ஏமாத்தும். உங்க தொழில்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க."

ஏட்டு பாட்டிலைக் கீழே வைத்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டதை இன்ஸ்பெக்டர் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு இன்னும் கொஞ்சம் கோபம் ஏறியது.

சின்னக்காவைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"நீங்க எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஸ்வெட்டர்ல எப்படி வந்துச்சு?"

"சத்தியமா தெரியாது. அந்த ரூம் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் ஸ்வெட்டரே வெச்சிருக்கேன். காலைல துடைச்சு முடிச்சதும் கழட்டி இந்தக் கொக்கியில மாட்டினேன். பையும் இங்கதான் தொங்குச்சு. மத்த வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து கிளம்பும்போதுதான் எடுத்தேன்."

"மாட்டும்போது வாசனை தெரியலையா?"

"தெரிஞ்சுது. இந்த வீட்ல துடைப்பத்துக்குக்கூட ஒரு வாசனை இருக்கும்மா. எதைன்னு கேக்கறது?"

அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"எத்தனை தடவை அந்தம்மாவோட வளையலைச் சோப்பு டப்பாலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்கேன் தெரியுமா? தங்கத்தைத் தொடாதவ தண்ணியைத் திருடுவேனா? ஜெயில்ல போடறதுன்னா போடுங்க. திரும்பி வந்தா எனக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும், அதைச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மாலை 4.45.

கீழ்த்தளத்தில் பல் டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தார். நிமிராமலே பேசினார்.

"காலைலேர்ந்து இங்கதான் இருக்கேன். சாப்பிட மட்டும் மேல போனேன். மூணு மணிலேர்ந்து இவரோட கடைவாய்ப்பல் என் உயிரை வாங்குது. கேட்டுப் பாருங்க."

நாற்காலியில் இருந்தவர் "ஆ... ஆ..." என்று ஒப்புக்கொண்டார்.

"நீங்க வாயை மூடாதீங்க," என்றார் டாக்டர்.

"சாப்பிடப் போனப்ப ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"அந்த வீட்ல எதுதான் வித்தியாசம் இல்ல? கை கழுவ பாத்ரூம் போனா ஒரே ரோஜா நாத்தம். வரிசையாத் தும்மல். சோறே இறங்கல. கேட்டா, உங்களுக்கு ரசனை கிடையாதுன்னு பேச்சு. ஆமா, சின்னக்காவை என்ன பண்ணப் போறீங்க? அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க."

"இதை மேல வந்து சொல்லலாமே."

டாக்டர் டிரில்லை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காதது போல் இருந்துகொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கீழ்த்தளத்தில் பத்திரமாக இருந்துகொண்டால் மேலே இப்படித்தான் நடக்கும்.

மாலை 5.00.

வாசனை அறை உண்மையிலேயே ஐஸ்பெட்டிதான். ஜன்னலில் கறுப்புத் திரை. அலமாரி நிறையப் பாட்டில்கள், பெட்டியோடு சில, பெட்டியில்லாமல் சில. நடுத்தட்டில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார். "எதுக்கு இவ்வளவு? சென்ட்தானே? எல்லாம் ஒரே வாடைதான்."

சென்ட்டம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒரே வாடையா? என்ன பேசறீங்க! இதோ இது புகையிலை. கோபமா இருக்கற அன்னிக்குப் போடுவேன், ஒரு ஆளு கிட்ட வரமாட்டான். இது வெறும் சோப்பு வாசனை, மாமியார் வர்ற அன்னிக்கு. இதைப் போட்டா நான் நல்ல மருமக. அது ஈர மண். முதல் தடவை போட்டப்ப எதுக்குன்னே தெரியாம அழுதேன். பாட்டிலைப் பார்த்து என்ன தெரியும்? தோல்ல பட்டு, உங்க சூட்டுல அது எழுந்திரிக்கணும். அப்பத்தான் அது வாசனை."

"சரி. மகாராணி எப்படி?"

அவள் முகமே மாறிவிட்டது. கண் பாதி மூடியது. கொஞ்ச நேரத்துக்கு அவள் பெரிய மனுஷியும் இல்லை, புகார் கொடுத்தவளும் இல்லை. பிடித்ததைப் பற்றிப் பேசுகிற ஒரு பெண். அழகாகத்தான் பேசினாள், அதை மறுக்க முடியாது.

"முதல்ல ஆரஞ்சுத் தோல். கண்ணுல தெறிக்கற மாதிரி. அது விருந்தாளி, வந்த வேகத்துல போயிடும். அப்புறம் ஒரு வெள்ளைப் பூ, மெதுவா, யாரோ பக்கத்து ரூம்ல தலையை உலர்த்தற மாதிரி. சாயந்திரம் ஆனா பூவும் போய், பழைய தோல் பெட்டியைத் திறந்தா வருமே, அது. வெயில் காலத்துல பூ சீக்கிரம் வாடிடும். மழை நாள்ல தோல் வாசனைதான் தூக்கும். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா மறுநாள் தலையணைல இருக்கும் பாருங்க..."

"அந்த ஆரஞ்சு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அரை மணி. கம்பளித் துணின்னா முக்கால் மணி. அதுக்கு மேல கெஞ்சினாலும் நிக்காது."

"கம்பளிலயும் நிக்காதா?"

"நான் சொல்றேன்ல? நிக்காது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கூடத்து நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து மறுபடி மோந்தார். ஏட்டிடம் நீட்டினார்.

"என்ன வாடை?"

ஏட்டு தயங்கினார். "மூக்குக்குப் படிப்பு இல்ல மேடம்."

"சொல்லுங்கன்னேன்."

"ஏதோ வெள்ளைப் பூ மாதிரி. ஆரஞ்சைக் காணோம்."

இன்ஸ்பெக்டரின் காதுமடல் சிவந்தது. அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். ஏட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

மாலை 6.00.

மூக்கர் வந்தார். மகாராணியைப் பார்க்க வந்தவருக்குப் போலீஸைப் பார்த்ததும் திகைப்பு. டாக்டரையும் கீழேயிருந்து வரவழைத்து எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டர். சின்னக்கா உட்காரவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்ன பிறகு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எட்டு வருடத்தில் அந்தச் சோபாவில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, இந்த ஸ்வெட்டரை மோந்து சொல்லுங்க."

மூக்கர் மோந்தார். கண் விரிந்தது. "அசல் சரக்கு. சத்தியமா அதேதான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம்..."

"பாத்தீங்களா!" என்றாள் சென்ட்டம்மா. "என் மகாராணி அசல்தான்னு இவர் வாயாலயே வந்துடுச்சு."

"இருங்க. கொஞ்சம் வெளிக்காத்து வாங்கிட்டு வந்து இந்தப் பாட்டிலையும் பாருங்க ஐயா."

மூக்கர் பால்கனியில் நின்றுவிட்டு வந்து பாட்டிலின் கழுத்தை மோந்தார். முகத்தைச் சுளித்தார். "ரோஜா. தரை துடைக்கற தண்ணில ஊத்தற ரகம்."

"ரெண்டும் ஒண்ணா?"

"கழுதையும் குதிரையும் ஒண்ணா?"

சென்ட்டம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

"அதைக் கழட்டிக் குடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "சாவியை இல்ல. குப்பியை."

"எதுக்கு?"

"ஏன்னா இந்த வீட்ல திருட்டே நடக்கல. பத்து மணிக்குக் கொட்டினதுன்னா நாலு இருபதுக்கு ஆரஞ்சு வாடை வரக்கூடாது. கெஞ்சினாலும் நிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்க வந்தப்ப வாசலுக்கே வந்துச்சு. அப்போ அது ஸ்வெட்டர்ல பட்டது நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்த நேரத்துல ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி உங்க கழுத்துல. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் வாய்க்குள்ள இருந்தார். மிச்சம் யாரு?"

"இவளேதான்! எங்கயாவது ஒளிச்சு வெச்சு, கிளம்பும்போது..."

"எதைப் போட்டுக்கிட்டாங்க? பாட்டில்ல இருந்த ரோஜாத் தண்ணியையா? அதைத்தான் நீங்க மத்தியானத்துக்கு முன்னாடியே பாத்ரூம்ல ஊத்திட்டீங்களே. உங்க வீட்டுக்காரர் தும்மித் தும்மிச் சோறு சாப்பிடல."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை போட்டேன்னீங்க," இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததுதான் பயமாக இருந்தது. "வெயில்ல எப்படி, மழைல எப்படி, தலையணைல எப்படின்னு சொன்னீங்க. ஒரு கல்யாண நாள்ல வெயிலும் மழையும் சேர்ந்தா வந்துச்சு? நீங்க அதை ஆசை தீரப் போட்டுத் தீர்த்துட்டீங்க. வெறும் பாட்டில்ல எதையோ ஊத்தி வெச்சு, எங்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. இன்னிக்கு இவர் வந்து மோந்தா குட்டு உடைஞ்சிடும். அதனால பாட்டில் திருடு போகணும். ஆனா அசல்தான் திருடு போச்சுன்னும் எல்லாரும் நம்பணும். அதுக்குத்தான் காலி பாட்டிலை இவங்க பைல போட்டு, குப்பில மிச்சம் வெச்சிருந்த அசலை இவங்க ஸ்வெட்டர்ல தடவினீங்க."

சென்ட்டம்மா கழற்றிக் கொடுத்த குப்பியை மூக்கர் வாங்கித் திறந்து மோந்தார். "இதுவும் அசல்தான்," என்றார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல," என்றார் இன்ஸ்பெக்டர். "காலைலயே தடவியிருந்தா நான் ஏமாந்துதான் போயிருப்பேன். ஏன் தடவல?"

சென்ட்டம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மனசு வரல. கடைசி நாலு சொட்டு. பத்து மணிக்கே எடுத்தேன், முடியல. மத்தியானம் திறந்தேன், மோந்துட்டு மூடிட்டேன். அப்புறம் இவ கிளம்பற நேரமே வந்துடுச்சு..."

"நாலு சொட்டைப் பிரிய ஆறு மணி நேரம் தவிச்சிருக்கீங்க." இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். இப்போது குரல் உயர்ந்தது. "இந்தப் பொம்பளை சோத்துல மண்ணை அள்ளிப் போட எவ்வளவு நேரம் தவிச்சீங்க? சொல்லுங்க! ஒரு நிமிஷம்?"

சென்ட்டைத் தீர்த்தது குற்றமில்லை. போட்டு அனுபவிக்கத்தான் அது. "தீர்ந்துடுச்சு சார், அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று மூக்கரிடம் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். அந்த ஒரு வரியைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒருத்தியைத் திருடி என்று கத்த மட்டும் தாராளமாக இடம் கொடுத்தது.

"பொய்ப் புகார். நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வரணும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஏட்டு ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டார்.

சென்ட்டம்மாவின் கண் அந்த உறையைவிட்டு அகலவில்லை. "அது... கேஸ் முடிஞ்சதும் அதை நானே வாங்கிக்கலாமா? அதுல இருக்கறதுதான் கடைசி."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். டாக்டர்கூடத் தலையை நிமிர்த்தினார்.

"அது என் ஸ்வெட்டருங்க," என்றாள் சின்னக்கா.

எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். சீப்பு, குடை, டப்பா எல்லாம் இன்னும் தரையில்தான் கிடந்தன. ஏட்டு குனியப் போனார். சின்னக்கா கையால் தடுத்தாள்.

"அவங்கதான் கொட்டினாங்க. அவங்களே அள்ளிப் போடட்டும்."

சென்ட்டம்மா அள்ளிப் போட்டாள்.

கேட்டுக்கு எல்லோருமாக இறங்கினார்கள். அதற்குள் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பால்கனிகளில் வந்து நின்றிருந்தார்கள். காவலாளி கேட் பாஸை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர், சென்ட்டம்மாவைப் பார்த்து.

சென்ட்டம்மா காவலாளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்து முணுமுணுத்தாள். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. இவ எதுவும் எடுக்கல."

"சத்தமா சொல்லுங்கம்மா," என்றாள் சின்னக்கா. "நாலு மணிக்கு நீங்க கத்தினது நாலு மாடிக்கும் கேட்டுச்சு."

"சின்னக்கா, ப்ளீஸ்..."

"சத்தமா. தப்பு நடந்துபோச்சுன்னு இல்ல. நான் பண்ணினேன்னு சொல்லுங்க."

சென்ட்டம்மா மேலே பார்த்தாள். பால்கனிகளில் ஒருவரும் உள்ளே போகவில்லை. நடு ஹாலில் டிவியை நிறுத்திவிட்டு ஓடிவந்த வீடுகள்கூட உண்டு. அவள் ஒரு தடவை இருமினாள். பிறகு நான்கு மாடிக்கும் கேட்கும்படி, "தப்பு நான் பண்ணினேன். சின்னக்கா எதுவும் எடுக்கல," என்று சொன்னாள்.